டீமேக்கர் பழக்கிக் கொடுத்த பிரஷ்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு குழந்தையின் கால் இருந்தது. எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அன்று தடுப்பூசி நாள். குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டு அதன் தாயிடம், "நீ அந்தப் பக்கம் பாத்துக்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் போன் அடித்தது. ஆயா எடுத்து என் காதில் வைத்தாள். ஃபாக்டரி ஆபீஸ் கிளார்க் பேசினார். "சிஸ்டருங்க, டீமேக்கர் போயிட்டாருங்க. இப்பத்தான் கோயமுத்தூர்லருந்து பையன் கூப்புட்டான். வண்டியில ஏத்திட்டாங்களாம்."

சரி என்றேன். ஊசியைப் போட்டேன். குழந்தை அழுதது. வரிசையில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் போட்டு முடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் நர்ஸாக இருந்ததில் வந்த கெட்ட பழக்கம் இது, துக்கத்தைக்கூட வரிசையில் நிற்க வைத்துவிடுகிறேன். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

ஸ்டாஃப் கிளப் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க "நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் எனக்கு முடியாது. டீமேக்கர் சென்னியப்பனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இலையை வாட்டுவதிலிருந்து தூளைச் சலித்து மூட்டை கட்டுவது வரை நம் ஃபாக்டரியில் அவர் சொன்னதுதான் சட்டம். அவர் போட்ட தேயிலையைப் பற்றிப் பேச உங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு ஷேவிங் பிரஷ்ஷைப் பற்றி எழுதப்போகிறேன். அதற்கு என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் கணவர் நடராஜிடம் கேட்டேன். "எழுது" என்றார்.

நான் இந்த எஸ்டேட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள், ஃபாக்டரியில் ஒரு பெண்ணுக்கு மயக்கம் என்று கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூள் சலிக்கிற அறை வாசலில் ஒருவர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "சிஸ்டருங்க, அங்கயே நில்லுங்க. உங்க மேல ஆஸ்பத்திரி வாடை வருது."

"உள்ள ஒரு பொம்பளை உழுந்து கெடக்கறா. நீங்க வாடையைப் பத்திப் பேசறீங்களா?"

"அவளைத் தூக்கிட்டு வந்துரலாமுங்க. தேயிலையைத் தூக்கிட்டு வர முடியாதுங்களே."

சொன்னபடி அந்தப் பெண்ணை நாற்காலியோடு வெளியே தூக்கி வந்தார்கள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக மல்லிகைப்பூ, தேங்காயெண்ணெய், முகப்பவுடர் எல்லாவற்றுக்கும் வாசலிலேயே தடை போட்ட ஆளை நான் அவரைத் தவிர வேறு பார்த்ததில்லை. அவரைத் திட்டிக்கொண்டேதான் வராந்தாவில் அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். எங்கள் நட்பு இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் தடையை அவர் தனக்கும் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் தேயிலையை ருசி பார்க்கிற ஆள். முகத்தில் வாசனை இருந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பார். டியூபில் வரும் கிரீம், டப்பாவில் சீறும் நுரை, சவரத்துக்குப் பிறகு தடவும் லோஷன் எதுவும் அவர் வீட்டில் கிடையாது. வாசனை இல்லாத ஒரு சோப்புக்கட்டி, ஒரு பன்றிமுடி பிரஷ், அவ்வளவுதான். அந்த வறண்ட சோப்பில் நுரை எழுப்ப மெத்தென்ற பிரஷ்ஷால் ஆகாது, முடியில் கொஞ்சம் விறைப்பு வேண்டும். மழையில் மண் சரிந்து ரோடு போன நாட்களில்கூட அவர் வழவழவென்ற முகத்தோடுதான் ஃபாக்டரிக்குள் வருவார். உயிரோடு இருந்தவரை அவரைத் தாடியோடு நம்மில் யாரும் பார்த்ததில்லை.

என் கணவரையும் உங்களுக்குத் தெரியும். ஃபீல்டு சூப்பர்வைசர். பக்கவாதம் வந்தபோது இடது கையும் காலும் விழுந்தன. நடை ஓரளவு திரும்பியது. பேச்சு குழறும், ஆனால் புரியும். திரும்பாதது வேறொன்று. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிட்டார். தட்டில் வலப்பக்கத்துச் சோற்றைத் தின்றுவிட்டு "இன்னும் போடு" என்பார், இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். இடது கன்னத்தைத் தொட்டால் எங்கேயோ தூரத்தில் தொடுவது போல இருக்கிறது என்பார். கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று டாக்டர் விளக்கினார். நர்ஸிங் படித்தபோது இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். சோற்றுத் தட்டில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

ஊருக்கு அது சவரத்தில்தான் தெரிந்தது. வலது கை நன்றாக இருப்பதால் தானே சவரம் செய்துகொள்வேன் என்று பிடிவாதம். வலது கன்னம் பளபளவென்று ஆகும். இடது கன்னத்தில் தாடி வளர்ந்துகொண்டே போகும். கண்ணாடியைப் பார்த்து "முடிஞ்சுது" என்பார். மீதியை நான் எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "முடிஞ்சுதுன்னு சொல்றனல்ல, காது கேக்கலியா?" ஒரு நாள் அந்த அரைத்தாடியோடு மஸ்டருக்குப் போய்விட்டார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது, அவர் பல வருடம் அதட்டி நின்ற இடம். கொழுந்து பறிக்கிற பெண்கள் முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு பொத்த முடியவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பார்த்தால் சிரிப்பு வருகிற முகம்தான் அது.

வீட்டுக்கு வந்து, "எதுக்குச் சிரிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன் என்று நினைத்தார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. தினமும் பாதி முகத்தைச் சவரம் செய்துகொண்டு, மஸ்டருக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மறுபடி அந்தக் களத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. இடது கன்னம் கிடைக்காமல் அது நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. எப்படிக் கிடைக்க வைப்பது என்று தெரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிகிற பக்கமாக, வலப்பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். சென்னியப்பன் வந்த அன்று ஸ்டூலை இழுத்து இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். என் கணவர் அவரைக் கவனிக்கவே இல்லை. சென்னியப்பன் பேசாமல் காத்திருந்தார். தேயிலை வாடுவதற்குக் காத்திருந்தே பழகியவர், அவருக்கு அது கஷ்டமில்லை. காபி ஆறிப்போன பிறகுதான் என் கணவர் கழுத்தைத் திருப்பி, "அட, எப்ப வந்தீங்க?" என்றார்.

போகும்போது சென்னியப்பன் கண்ணாடி முன்னால் இருந்த பிரஷ்ஷை எடுத்தார். பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் அனுப்பியது, பட்டு மாதிரி செயற்கை முடி. தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "ஏனுங்க சிஸ்டர், இது பூனை வாலாட்டம் இருக்குதுங்களே. எங் கன்னத்துக்கே தெரிய மாட்டேங்குது, நடராசு கன்னத்துக்கு எப்பிடிங்க தெரியும்? பன்னிமுடியில ஒண்ணு வாங்கலாமுங்க. புதுசுல குத்தும். குத்துனாத்தான் அங்க கன்னம் இருக்குதுன்னு தெரியும்."

"நீங்க எப்பங்க டாக்டருக்குப் படிச்சீங்க?" என்றேன்.

"தேயிலைக்கே படிக்கலீங்க."

கேலி செய்தேனே தவிர, அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண்ணும் சொரசொரப்பான துண்டால் இடப்பக்கத்தைத் தேய்க்கச் சொல்லியிருந்தாள். துண்டை இவர் தூக்கி எறிந்தார். ஷேவிங் பிரஷ்ஷை எறிய மாட்டார் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கடைவீதிக்குப் போனோம். கடைக்காரர் "பன்னிமுடிங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சென்னியப்பன் தாழ்த்தவில்லை. "ஆமாங்க. எங்க தோட்டத்துல தேயிலைச் செடிக்குள்ள பூந்து ஓடுது பாருங்க, அதாட்டம் முரட்டுப் பன்னியாக் குடுங்க." கடைக்காரர் அடுக்கி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டைவிரலால் முடியை மடக்கி விட்டு, சட்டென்று நிமிர்கிறதா என்று பார்த்தார். முடிக்கற்றையின் அடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடினால் பசை சரியில்லையாம். பிறகு நுனியை வெளிச்சத்தில் காட்டினார். "இது ஒரே மட்டமா வெட்டி உட்டது பாருங்க. எத்தனை நாளானாலும் பழகாது. நுனி தானா முடிஞ்சிருக்கோணும். அப்பத்தான் தண்ணி குடிச்சுக் குடிச்சு நுனி பிளந்து மெத்துனு வரும்." கடைசியாக ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து முகர்ந்தார். பக்கத்தில் சீப்பு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஒற்றைக் கையால் பிடிக்கத் தோதாகக் கைப்பிடி குண்டாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

புதுப் பன்றிமுடி நனைந்தால் ஒரு வாடை வரும். நனைந்த நாயும் பழைய தோல்செருப்பும் சேர்ந்த வாடை. வீட்டில் வைக்க முடியவில்லை. ஒரு நர்ஸ் என்ன செய்வாளோ அதையே நானும் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், கத்தியும் கத்திரிக்கோலும் வேக வைக்கிற ஸ்டெரிலைசரில் போட்டுக் கொதிக்க விட்டேன். மூடியைத் திறந்தபோது கைப்பிடி ஒரு பக்கம் கிடந்தது, முடி தண்ணீர் முழுக்க மிதந்தது. மாத்திரை வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

சென்னியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க சிஸ்டர், பன்னியை வேக வெச்சுப்போட்டீங்களா?" அதோடு விட்டாரா? ஃபாக்டரி முழுக்கச் சொன்னார். உங்களில் சிலர் அந்த வாரம் என்னைப் பார்த்து "இன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன சமையலுங்க?" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி குன்னூர். இந்த முறை ஒரே மாதிரி இரண்டு பொறுக்கினார். எதற்கு இரண்டு என்றேன். "ஒண்ணு நடராசுக்குங்க. இன்னொண்ணு நீங்க வேக வெக்கறதுக்கு."

பிரஷ்ஷை இந்த முறை என்னிடம் கொடுக்கவில்லை, தானே பழக்கித் தருகிறேன் என்றார். அப்படியே குத்தினால் தோல் கீறிவிடும், குத்தவும் வேண்டும், கீறவும் கூடாது. சில நாள் தன் முகத்தில் போட்டுப் பழக்குகிறேன் என்றார். அங்கே நான் மறித்தேன். ஒருவர் முகத்தில் பட்டது இன்னொருவர் முகத்தில் படக்கூடாது, சின்னக் கீறல் போதும், வேண்டாத நோயெல்லாம் வரும்.

"எம் மூஞ்சியில என்னங்க இருக்குது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்."

இதில் நான் சொன்னதுதான் நின்றது. ஆகவே அவர் தன் உள்ளங்கையில் பழக்கினார். காலையில் ஃபாக்டரிக்குள் நுழைவதற்கு முன் வராந்தாவில் உட்கார்ந்து, கை தாங்குகிற சூட்டில் தண்ணீரில் பிரஷ்ஷை ஊற வைப்பார். சோப்பில் தேய்த்து இடது உள்ளங்கையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நுரை எழுப்புவார். நுரையோடு சற்று நேரம் விட்டு, அலசி, உதறி, முடி கீழே தொங்கும்படி கட்டுவார். அது மூடுபனி மாதம், துவைத்த துணியே காயாது. ஃபாக்டரியில் தேயிலையைக் காய வைக்கிற டிரையர் பக்கத்தில் நல்ல சூடு உண்டு. ஆனால் பன்றி வாடையை ஃபாக்டரிக்குள் விட அவர் என்ன, அவர் அப்பனே வந்து கேட்டாலும் சம்மதித்திருக்க மாட்டார். என் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜின் பின்பக்கத்துச் சூட்டில் தொங்கவிட்டார். அவர் உள்ளங்கை சிவந்து, தோல் உரியத் தொடங்கியது. களிம்பு கொடுத்தேன். வாசனை வரும் என்று போட்டுக்கொள்ளவில்லை.

வாடை மட்டும் முழுதாகப் போகவில்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தேயிலைதான் எந்த வாசத்தையும் இழுக்குமே! ஒரு டப்பா நிறையத் தேயிலைத்தூளை எடுத்து, காய்ந்த பிரஷ்ஷை அதற்குள் தலைகீழாகப் புதைத்து, என் அலமாரியில் வைத்தார். வாடை போயிற்று. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனவர் டப்பாவை மறந்துவிட்டார்.

வாரம் ஒரு முறை வருகிற டாக்டருக்கு ஆயா அந்தத் தூளில்தான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் ரசித்துக் குடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டார். அந்த நேரம் பார்த்து சென்னியப்பன் வந்தார். அவருக்கும் ஒரு கப். எங்கே இருந்தாலும் அவர் டீயைச் சத்தமாக உறிஞ்சி வாய்க்குள் சுழற்றித்தான் விழுங்குவார். அன்று சுழற்றினார், நின்றார். மறுபடி உறிஞ்சினார். "சிஸ்டருங்க, இது நம்ம தூளுதான். ஆனா பின்னால என்னமோ வருதுங்க. ஈரமா, மிருகமா..." என்று சொல்லிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் கப்பைக் காலி செய்துவிட்டு, "ஸ்ட்ராங்கா நல்லா இருக்கே, எந்த கிரேடு?" என்று கேட்டார். சென்னியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலுக்கு அப்பால் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. இந்தக் கூட்டத்துக்கு அந்த டாக்டரும் வருவதாகக் கேள்வி. வந்தால் மன்னிக்கவும்.

பிரஷ் வீட்டுக்கு வந்தது. சென்னியப்பன் ஃபாக்டரிக்குப் போகும் வழியில் தினமும் வந்து இடப்பக்கம் ஸ்டூலில் உட்காருவார். என் கணவர் வலது கன்னத்தில் நுரை போட்டு, ரேஸரை இழுத்து, "முடிஞ்சுது" என்பார். சென்னியப்பன், "இன்னொரு பக்கம் இருக்குதுங்க" என்பார். அவர் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை, ஃபாக்டரி நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். "இல்லை" என்பார் இவர். அப்புறம் சென்னியப்பன் இவர் கையைப் பிடித்து பிரஷ்ஷை இடது கன்னத்துக்குக் கொண்டு போவார். இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒரு நாள் கோபத்தில் பிரஷ்ஷை வீசினார். அது கட்டிலடியில் உருண்டது. சென்னியப்பன் குனிந்து எடுத்துக் கழுவினார். "பரவால்லீங்க. நாளைக்குப் பாக்கலாம்."

என்னிடம் வாசலில் தனியாகச் சொன்னார். "பன்னிமுடி நாளுக்கு நாள் மெத்துனு ஆயிட்டே வருமுங்க. அது முழுசாப் பழகறதுக்குள்ள இவரு கன்னத்தைக் கண்டுபுடிச்சுப்போடணும். அதுக்கப்பறம் இது குத்தாது." பிரஷ் நன்றாகப் பழக வேண்டும் என்றுதான் எல்லாரும் விரும்புவார்கள். நான் ஒவ்வொரு நாளும் கட்டைவிரலால் அதன் முடியை அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் முரடாகவே இரு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் சென்னியப்பன் பிரஷ்ஷைத் தன் புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மெத்தென்று ஆகிக்கொண்டு வருகிறது என்று புரிந்தது. அன்று அவர் அதைச் சரியாக ஊற வைக்கவில்லை. நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்தார். ஊறாத முடி விறைத்துக்கொண்டு நின்றது. இவர் கையைப் பிடித்து இடது கன்னத்தில், தாடியின் வேர் வரை படும்படி, முடி வளரும் போக்குக்கு எதிராகத் தேய்க்க வைத்தார்.

"குத்துது" என்றார் என் கணவர்.

"எங்கங்க குத்துது?"

பிரஷ்ஷை மடியில் வைத்தார். வலது கை மெல்ல மேலே வந்தது. மோவாயைத் தொட்டது, அங்கிருந்து தடவிக்கொண்டே இடப்பக்கம் போயிற்று. தாடியில் போய் நின்றது.

"இதென்ன?"

"உங்க தாடிங்க."

"எத்தனை நாளா இருக்குது?"

"கொஞ்ச நாளாவே இருக்குதுங்க."

என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டார், "இதுக்குத்தான் சிரிச்சாங்களா?"

"ஆமாங்க."

"சிரிப்பு வரத்தான் செய்யும்" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பாத்திரம் தேய்ப்பது போல் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அழுதேன். ஆனால் இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறுநாள் மறுபடி மறந்தார். ஆனால் தேடினால் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "இன்னொரு பக்கம் இருக்குதுங்க" என்றால் கை அதுவாகத் தேடிப் போகும். பிரஷ் முழுதாகப் பழகிப் பஞ்சு மாதிரி ஆனபோது, அவர் முக்கால்வாசி நாட்கள் சொல்லாமலே இடது கன்னத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு கன்னமும் வழவழவென்று மஸ்டருக்குப் போன அன்று யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து சூப்பர்வைசர் நிறம் வெளுத்துவிட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கம்பெனி அவருக்குத் தேயிலை நாற்று வளர்க்கிற நர்சரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தது. சென்னியப்பன் காலையில் வருவதை நிறுத்தவில்லை. வேலை இல்லாவிட்டாலும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டுப் போவார்.

அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு. செத்தவரைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. என் ஆஸ்பத்திரி வழியாகத்தான் தினமும் நடந்தார். அவருக்கு இருமல் இருந்திருக்கிறது, நெஞ்சில் வலி இருந்திருக்கிறது. என்னைக் கண்டால் அடக்கிக்கொள்வாராம். அவர் மனைவி சரஸ்வதி அக்கா இப்போதுதான் சொன்னார். "சிஸ்டருக்குத் தெரிஞ்சா கோயமுத்தூருக்கு அனுப்பிப்போடும், தேயிலை கெட்டுப்போகும்" என்றாராம். காற்றில் வருகிற வாடையெல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன் நெஞ்சுக்குள் இருந்ததைச் சொல்லத் தெரியவில்லை. நிமோனியா முற்றிய பிறகுதான் கோவைக்குக் கொண்டு போனார்கள்.

அன்று பர்லியார் ரோட்டில் பனி இறங்கியிருந்ததால் வண்டி மெதுவாகத்தான் வந்தது. கூடத்தில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் முகம் முழுக்க வெள்ளைத் தாடி வளர்ந்திருந்தது. சரஸ்வதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இது எம்பட ஊட்டுக்காரர் மூஞ்சி இல்லீங்க, சிஸ்டர். இந்த மூஞ்சியோட எப்பிடிங்க அனுப்புவேன்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாவிதர் சுடுகாட்டுக்குத்தான் வருவார் என்று யாரோ சொன்னார்கள்.

என் கணவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "பிரஷ்" என்றார்.

வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். சரஸ்வதி அக்கா அந்த வாசனையில்லாத சோப்பைக் கொடுத்தார். கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் வைத்தேன். என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு எதிராகக் குனிந்து நுரை போட்டார், நான் ரேஸரை இழுத்தேன். எதிரில் உட்கார்ந்தால் சென்னியப்பனின் வலது கன்னம் என் கணவருக்கு இடப்பக்கம் வரும். அவர் தெரிந்த பக்கத்தில் மட்டும் நுரை போட்டார். அந்தப் பக்கத்தை நான் சவரம் செய்து முடித்ததும் பிரஷ்ஷை முழங்கால் மேல் வைத்துவிட்டார்.

சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதித் தாடியோடு படுத்திருந்தார் சென்னியப்பன். யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது. பிரஷ்ஷை எடுத்து மறுபடி தண்ணீரில் தொட்டார்.

"இன்னொரு பக்கம் இருக்குதுங்க" என்று சென்னியப்பனிடம் சொன்னார்.

முடிந்ததும் சரஸ்வதி அக்கா வந்து பார்த்து, "ஆமாங்க, இவருதான்" என்றார். இறந்தவருக்குப் பயன்படுத்தியதை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டு, பிரஷ்ஷைத் துடைத்து சென்னியப்பனின் சட்டைப்பையில் வைத்தார். அது அவரோடு போயிற்று.

அவர் எனக்கென்று விட்டுப்போனது இன்னொரு பிரஷ். நான் வேக வைப்பதற்கென்று வாங்கினாரே, அது. பிரிக்காமல் இருந்தது. பிரித்தேன், அதே வாடை. இப்போது தினமும் காலையில் அதை ஊற வைத்து என் இடது உள்ளங்கையில் சுற்றிப் பழக்குகிறேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காய்கிறது. தேயிலை டப்பாவில் "இது டீ அல்ல" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அது பழகும்வரை என் கணவருக்குப் பெங்களூர் பிரஷ்தான். அதில் சில நாள் மறந்துவிடுகிறார். இடப்பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்து, சென்னியப்பன் சொல்வது போலவே, 'ங்க' போட்டுச் சொல்கிறேன்.

நேற்று என் கணவர் என் உள்ளங்கையை இழுத்து வைத்துப் பார்த்தார். சிவந்திருந்தது.

"குத்துதா?" என்றார்.

"குத்துது" என்றேன்.